ரிவர்ஸ் நல்லா வரணும்

“இந்தக் கடையில இருக்கற ஒரு ரிமோட் காரை வச்சு, ஒன்பது மாசமா வாயே தொறக்காத என் பெண்டாட்டியை இன்னிக்கே பேச வைக்கிறேன். அவ போடற சத்தத்துல ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் நிக்கும்” என்றார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

கடைக்காரர் சிரிக்கலாமா என்று, அவரோடு வந்திருந்த மச்சினனைப் பார்த்தார். மச்சினன் கூரையைப் பார்த்தான். மறதி நோய் முற்றிய அக்காவை நாளைக் காலையில் காப்பகத்தில் சேர்க்க வேண்டும். புருஷனையே தெரியாதவளை வீட்டில் வைத்து என்ன செய்வது என்பது அவன் கட்சி. அவளுக்குப் புருஷனை அடையாளம் தெரிந்துவிட்டால் அனுப்புவதில்லை என்று இவர் எழுதி வாங்காத குறை.

“இதப் பாருங்க சார், பிரிச்சதும் ஓடும். பேட்டரி, ரிமோட் எல்லாம் உள்ளயே. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள தெருமுனை.”

“தெருமுனையில எனக்கு என்னய்யா வேலை? ரிவர்ஸ் எப்படி?”

பந்தயக் கார் பின்னால் பாய்ந்து பொம்மை அடுக்கைச் சாய்த்தது. இன்னொன்று அரை அடி போவதற்குள் நான்கு முறை வெட்டியது. அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, இரண்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பின்னெடுத்தார். கடையே கூடி நின்று வேடிக்கை பார்த்ததாக அவர் பிறகு சொன்னார். நின்றது மூன்று பேர்.

“கை நடுங்குது மாமா.”

“நடுங்கறது கைதான் மாப்ள. வண்டி நடுங்கல பாரு.”

கடைசியில் பாறை ஏறும் வண்டி ஒன்று அகப்பட்டது. பருத்த சக்கரம், எறும்பு வேகம். விரல் அழுத்தும் அளவுக்குத்தான் நகர்ந்தது.

அவர் ஓட்டிய அதே பஸ்ஸில் அவள் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர். காதல், சண்டை, சமாதானம் எல்லாம் அதில்தான். பின்னெடுக்கும்போது அவர் கண்ணாடியை நம்பியதில்லை. அவள் இறங்கிப் பின்னால் நின்று தகரத்தைத் தட்டுவாள். தட்டு நின்றால் பிரேக். அப்படி எத்தனை தடவை என்றால், அவர் கணக்கில் ஒரு கோடி.

வீட்டில் கதவோரம் நின்று, நாற்காலியில் சாய்ந்திருந்தவளை நோக்கி வண்டியைப் பின்னெடுத்தார். பாதி தூரம் ஒன்றுமில்லை. பிறகு அவள் விரல்கள் நாற்காலிக் கையைத் தட்டின.

“வா… வா… லெஃப்ட்ல ஒடி… வா…”

தட்டு நின்றது.

“போதும்.”

வண்டி அவள் கால் கட்டைவிரலுக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. அவர் ரிமோட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் முன்னால் மண்டியிட்டார்.

“நான் யாரு சொல்லு.”

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முகத்தில் பழைய கண்டிப்பு.

“வழியில உக்காராதீங்க பெரியவரே. டிக்கெட் எடுத்தாச்சா?”

அவர் சட்டைப்பையைத் தடவினார். அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு எதற்கு நீட்டினோம் என்பது போல அதையே பார்த்தாள்.

மச்சினன் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தான், நெடுநேரம் துடைத்தான்.

“ஒத்துக்கறேன் மாமா” என்றான். “அக்கா பேசிச்சு.”