காணிப்பாக்கம் வளைவில் நின்ற சக்கரங்கள்

ஞானசிங் வீட்டு ஆட்கள் ஏறிய எந்த வண்டியும் அப்போதெல்லாம் சித்தூர் எல்லையைத் தாண்டுவதில்லை. திருப்பதிப் பக்கம் போனால் காணிப்பாக்கம் வளைவில் பின்சக்கரம் இறுகி நின்றுவிடும். அவர்கள் இறங்கிக்கொண்டால் உருளும். கண்டக்டர்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். ஞானசிங்கின் மகள் கேசியாவுக்குத் திருப்பதியில் நர்ஸ் வேலை கிடைத்த அன்று இது ஆரம்பித்தது. "நீ எங்கியும் போவத் தேவல" என்று கத்திய மனுஷன், கோபத்தை எங்கே காட்டுவதென்று தெரியாமல், பிரேக் பார்க்கக் கழற்றியிருந்த தன் பழைய மோரிஸ் காரின் பின்சக்கரக் குடமான ஹப்பை அச்சில் மாட்டி, ஸ்பேனரில் தண்ணீர்க் குழாயைச் செருகி, முழு பலத்தோடு நட்டை முறுக்கினார். கேசியா வளைவோடு திரும்பி வந்தாள். உள்ளூரிலேயே ஜாபேஸைக் கட்டிக்கொண்டாள். ஞானசிங்குக்கு அதில் சந்தோஷம்தான், மறைக்கவும் இல்லை.

பிரசவ நேரத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. உடனே திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள் டாக்டர்கள். ஆம்புலன்ஸ் வளைவில் நின்றது. "மாமா, கண்ணு இருட்டிக்கினு வருதாம் அவளுக்கு" என்று போனில் அழுதான் ஜாபேஸ். ஞானசிங் மோரிஸ் நின்ற ஷெட்டுக்கு ஓடினார். பக்கத்து வெல்டிங் கடை எத்திராஜ் ஹப்பை இழுத்துக் கழற்றும் புல்லரோடு வந்தான். ஹப் பிடி விட்டதும் பாய்ந்து வந்து ஆளை அடிக்கும் என்பதால், நட்டை முழுக்கக் கழற்றாமல் அச்சு நுனியில் இரண்டு மரைச் சுற்றில் நிற்க விட்டுவைத்தார்கள். புல்லரை மாட்டி முறுக்கினார்கள், நெருப்புக் காட்டினார்கள், சுத்தியலால் அடித்தார்கள். ஹப் அசையவில்லை. மறுபடி போன் அடித்தது. இந்த முறை கேசியாவின் குரல். "நைனா, வுட்டுடு நைனா."

"இதுக்கு மேல முறுக்குனா அச்சு ஒடிஞ்சிடும். கைய எடுண்ணா" என்றான் எத்திராஜ். கை வரவில்லை. ஹப் வந்துவிட்டால் மகள் போய்விடுவாள் என்ற பழைய பயம் அப்போதும் அந்த விரல்களில் இருந்தது. அவளே இல்லாமல் போய்விடுவாளோ என்ற அதைவிடப் பெரிய பயத்தில், ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கையை எடுத்தார். வேட்டுச் சத்தத்தோடு ஹப் பாய்ந்து நட்டில் முட்டி நின்றது. வளைவில் ஆம்புலன்ஸ் உருண்டது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கேசியா இப்போது திருப்பதியில் நர்ஸ். ஞாயிறு ஆராதனைக்குக் குழந்தையோடு சித்தூர் வந்து சாயங்காலம் திரும்புகிறாள். அவள் பஸ் ஏறியதும் ஞானசிங் ஷெட்டுக்குப் போய், இரண்டு மரையில் நிற்கும் அந்த நட்டின் மேல் ஸ்பேனரை வைத்துக்கொண்டு நிற்பார். அந்நேரம் பஸ் காணிப்பாக்கம் வளைவில் ஒரு கணம் நிற்கும்.

"இருங்க, பெரியவரு இப்ப வுட்ருவாரு" என்பார் கண்டக்டர். யாரும் செல்போனிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. பஸ் கிளம்பும்.