நாற்பது நாள் சாட்சி

"கறி திம்பியா தாயி?"

"சாப்பிடுவேன் அத்தை."

"எம்புட்டு? ரெண்டு துண்டுலயே கை கழுவுற ஆளா?"

"எவ்வளவு வச்சாலும் சாப்பிடுவேன்."

"அப்ப எம்மகன் பொழச்சான். இல்லாட்டி ஒனக்குன்னு தனியா ஒரு அடுப்புல்ல பத்த வைக்கணும்."

இரண்டு வருடங்களுக்கு முன், உசிலம்பட்டி வீட்டுக்குச் சாருலதா முதன்முதலாக வந்த நாளில் நடந்த பேச்சு. அவள் கணவன் எபியின் அம்மா ஜெயக்கொடி அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தபோது சாருலதாவும் சிரித்தாள். மதுரையில் அவள் பிறந்த வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. ஞானஸ்நானம் எடுத்த அன்றோடு அப்பா வெங்கட்ரமணன் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். இந்த வீட்டுக் கதவையும் சாத்திவிட்டால் எங்கே போவது என்ற பயத்தில் வந்த பொய் அது.

ஞானஸ்நானத்தில் பொய் இல்லை. எபியைச் சந்திப்பதற்கு முன்பே, கல்லூரி விடுதி நாட்களிலேயே, அவள் ஜெபிக்கத் தொடங்கியிருந்தாள். கறி மட்டும் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் எபி பக்கத்தில் இருப்பான். அம்மா அடுப்படிக்குத் திரும்பும் நேரத்தில் அவள் தட்டிலிருந்த துண்டுகள் அவன் தட்டுக்குப் போய்விடும்.

அம்மாவிடம் நானே சொல்லிவிடட்டுமா என்று அவன் பலமுறை கேட்டுவிட்டான். அவள்தான் தடுத்தாள். காரணம் சபை மூப்பர் கண்ணுச்சாமி. புதிதாக வந்த ஒரு குடும்பம் கறி தொடுவதில்லை என்று யாரோ சொன்னபோது, வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவர் சட்டென்று சொன்னார்: "கறிய ஒதுக்குறவங்களுக்கு உள்ளுக்குள்ள பழைய மதம் இன்னும் விடல." பேதுருவுக்கே ஆண்டவர் எல்லா மிருகங்களையும் காட்டி, சுத்தமாக்கிவிட்டேன், அடித்துச் சாப்பிடு என்றாரே என்று விளக்கமும் கொடுத்தார். ஜெயக்கொடி ஆமாம் என்று தலையை ஆட்டியதைச் சாருலதா பார்த்தாள். தின்னாதவனைத் தின்கிறவன் அற்பமாக நினைக்கக் கூடாது என்று பவுல் எழுதவில்லையா, ஏதேன் தோட்டத்தில் ஆடா அறுத்தார்கள் என்று எபி வீட்டுக்கு வந்து பொருமினான். அவளுக்கு அந்தத் தலையாட்டல்தான் கண்ணுக்குள் நின்றது.

இந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்பு நாட்கள் வந்தபோது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. நாற்பது நாளும் வீட்டில் கறி இல்லை. முதல் முறையாக அவள் பயமில்லாமல் வயிறாரச் சாப்பிட்டாள். அவள் முகத்தில் தெரிந்த தெளிவை ஜெயக்கொடி வேறு மாதிரி புரிந்துகொண்டாள். சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு, ஆசை ஆசையாகத் தின்கிற கறியை ஆண்டவருக்காக விட்டிருக்கிறாள் என் மருமகள் என்றாள். நாற்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவி வந்து அவள் கையில் முத்தம் கொடுத்தாள். சாருலதாவின் பொய் இப்போது ஆலயத்துக்குள் ஏறிவிட்டது. இனி உண்மையைச் சொன்னால் அத்தை அத்தனை பேர் முன்னாலும் பொய்ச் சாட்சிக்காரி ஆவாள்.

அன்றிலிருந்து அவள் நாட்களை எண்ணினாள். குருத்தோலை ஞாயிறு. பெரிய வெள்ளி. பிறகு தப்பிக்க வழியில்லை.

ஈஸ்டர் அன்று விடியற்கால ஆராதனை முடிந்து திரும்பியதும் ஜெயக்கொடி கறிக்கடைக்கு ஓடினாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் சாருவுக்கு ரத்தம் குறைவு என்று சொல்லியிருந்தார்கள். ஆட்டின் மண்ணீரலை, சுவரொட்டியை, தின்றால் ரத்தம் ஊறும் என்பது ஜெயக்கொடியின் நம்பிக்கை. முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்கிவந்து, மிளகு தட்டிப் போட்டு வறுத்தாள். எபி ஆலயத்தில் நாற்காலிகளை அடுக்க நின்றுவிட்டான். அவன் வரட்டும் என்று சாருலதா சொல்லிப் பார்த்தாள்.

"அவன் வாரப்ப வரட்டும். வயித்துப் பிள்ளக்காரி பசியோட கெடக்கக் கூடாது."

தட்டு வந்தது. கறுத்த துண்டுகளிலிருந்து ஆவி எழுந்தது. சாருலதா மூச்சை அடக்கினாள். அடுப்படிக்குத் திரும்பாமல், ஜெயக்கொடி அவளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஊட்டத்தான் போகிறாள். தின்றால் வாந்தி வரும், பிள்ளைக்கு ஏதாவது ஆகும். தின்னாவிட்டால்? ரத்தம் குறைந்து பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அதுவும் தன் பொய்க்குக் கிடைத்த தண்டனை என்றுதான் தோன்றும். வயிற்றில் பிள்ளை அசைந்தது. அவள் கை தானாக அங்கே போனது.

ஜெயக்கொடி தட்டின் மேல் கையை வைத்துக் கண்களை மூடினாள். ஆகாரத்துக்காக நன்றி சொன்னாள். உயிர்த்தெழுந்த நாளுக்காக நன்றி சொன்னாள். பிறகு குரல் தழுதழுத்தது.

"ஆண்டவரே, எங்கிட்ட எதையும் மறைக்காத ஒரு மகளக் குடுத்தீரே, ஒமக்கு ஸ்தோத்திரம். இவ நாப்பது நாள் விட்டதுக்கு இன்னைக்கி இவ வயிறு நெறயட்டும். ஆமென்."

அத்தை கண் திறந்தாள். சாருலதாவும் ஆமென் சொல்ல வேண்டும். மனிதரிடம் பொய் சொல்லலாம், இரண்டு வருடம் சொல்லியாயிற்று. இந்த ஜெபத்துக்கு எப்படி ஆமென் சொல்வது? ஜெயக்கொடியின் விரல்கள் ஒரு துண்டை எடுத்து அவள் வாயருகே கொண்டுவந்தன.

"என்ன தாயி, மேலுக்கு முடியலயா? வாயத் தொறக்க மாட்டேங்குற?"

சாருலதா அந்தக் கையை மணிக்கட்டோடு பிடித்துக்கொண்டாள். தள்ளவில்லை. விடவும் இல்லை. கண்ணீர் வழிந்து அத்தையின் கையில் விழுந்தது.

"நான் எதையும் விடல அத்தை. கறி ஒருநாளும் சாப்பிட்டதே இல்ல. ஆண்டவர்மேல எனக்கு இருக்கிற விசுவாசம் மட்டும் பொய் இல்ல." நிறுத்தினால் இனி ஒருபோதும் வராது என்று தெரிந்தது. "கறி இல்லாம எனக்குச் சோறு போடுவீங்களா அத்தை?"