சுண்டெலியின் சிவந்த கன்னங்கள்

1

இந்தக் கதை என் வீட்டில் நடந்தது. கேள்விப்பட்டது என்று சொல்லித் தப்பிக்கலாம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலையில் கட்டலாம். இரண்டையும் எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். நடந்து இரண்டு நாள்தான் ஆகிறது. 

முதல் வரியாக எழுதியது இது: சுண்டெலியின் கன்னங்கள் ரோஜாவைப் போல

வேண்டாம். இருபது வருடமாகக் குடும்ப நாவல் எழுதுகிறேன். என் கதைகளில் கன்னம் சிவந்தால் வெட்கம், இல்லாவிட்டால் அறை. மூன்றாவதாக ஒரு காரணம் இருப்பது எனக்குத் தெரியாது.

2

சுண்டெலி என் மகள். மூன்று வயது. எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். போன வாரம் அவளுக்கு இரண்டு நாள் லேசான காய்ச்சல், மூக்கொழுகல். நான் நாவலின் கடைசி அத்தியாயத்தில் மூழ்கியிருந்தேன். பார்த்துக்கொண்டவள் என் நாத்தனார். நான்கு மாதக் கர்ப்பிணி. கணவன் வேலையாக வெளியூர் போயிருந்ததால் எங்களோடு தங்கியிருந்தாள். மூக்கைத் துடைத்துவிட்டாள், மடியில் போட்டுத் தூங்கவைத்தாள், குழந்தை மிச்சம் வைத்த சோற்றை அதே ஸ்பூனால் தின்று முடித்தாள். காய்ச்சல் விட்டது. எல்லோரும் மறந்துபோனோம்.

[இங்கே நாத்தனாரை இன்னும் கொஞ்சம் வர்ணிக்க வேண்டும். வரவில்லை. என் இருபத்தாறு நாவல்களில் பதினெட்டில் நாத்தனார்தான் வில்லி. வாசகிகள் கேட்டு வாங்கிப் படிக்கிறார்கள். இவளோ கொசுவைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அடிப்பாள் என்று என் கணவர் கிண்டல் செய்வார். அப்படி ஒருத்திக்கு என்னிடம் வார்த்தை இருப்பு இல்லை.]

3

முந்தாநாள் மத்தியானம் திருத்திய பக்கங்களைப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். சுண்டெலி கட்டிலில் உட்கார்ந்து ஒரு பாட்டில் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கன்னமும் செக்கச்செவேல் என்றிருந்தன. வாயைச் சுற்றி மட்டும் வெளுப்பு. ஓங்கி அறைந்து கையை எடுத்த மாதிரி.

வீட்டில் இருந்தவள் ஒருத்திதான். பதினெட்டு முறை எழுதிய கதை, பத்தொன்பதாவது முறையாகத் தானே ஓடியது.

"அடிச்சியா?" என்றேன்.

"நான் ஏன் அண்ணி அடிக்கப் போறேன்? தூங்கி எழுந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. உங்களைக் கூப்பிடத்தான் போனை எடுத்தேன்."

அடுத்து நான் சொன்னதை மூன்று விதமாக மென்மையாக்கிப் பார்த்தேன். சொன்னது சொன்னதுதான்.

"உன் வயித்துல இருக்கிறதையும் இப்படித்தான் வளர்ப்பியா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

4

நேற்றுக் காலை சுண்டெலியின் கைகளில் வலை பின்னியது போல் சிவப்புத் தடிப்பு. குழந்தை மருத்துவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். போன வாரம் காய்ச்சல் இருந்ததா என்று கேட்டார். இது ஒரு வைரஸ், பார்க்க அறைந்த மாதிரியே இருக்கும், பெரியவர்கள் ஏமாந்துபோவது வழக்கம்தான் என்றார். குழந்தைக்குப் பயமில்லை, தானாகச் சரியாகிவிடும். கன்னம் சிவக்கிற நேரத்தில் பெரும்பாலும் தொற்று ஓய்ந்திருக்கும். அது பரவுவது அதற்கு முந்தைய காய்ச்சல், சளி நாட்களில்.

மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அவர் பேனா நின்றது.

"வீட்ல கர்ப்பமா யாராவது இருக்காங்களா?"

('தலையில் இடி விழுந்தது' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அப்படி எதுவும் விழவில்லை. மேசைமேல் இருந்த ரப்பர் யானையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

நிறைய பேருக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கும், தொற்றினாலும் பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும், ஆனால் சில சமயம் வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தைப் பாதிக்கலாம், அதனால் இன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்கள் என்றார்.

5

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏதோ ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார், போன் கிடைக்கவில்லை. நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று யோசித்த வரிகள்:

என்னை மன்னிச்சிடு, நான் ஒரு

நீ தப்பா நினைக்கலைன்னா

உன் குழந்தைக்கு

மூன்றாவதை முடிக்க முடியவில்லை. முதல் நாள் அவள் வயிற்றைச் சொல்லிக் குத்தியவள், மறுநாளே அந்த வயிற்றுக்கே ஆபத்து வரலாம் என்றால் அது சாபம் போலத்தானே கேட்கும்?

நான்காவது முறை போன் அடித்தபோது எடுத்தாள். யோசித்த எதையும் சொல்லவில்லை. நீ அடிக்கவில்லை, அது ஒரு காய்ச்சல், உனக்கும் ஒட்டியிருக்கலாம், இன்றைக்கே ரத்தம் கொடு என்று ஒரே மூச்சில் சொன்னேன். மன்னிப்பு வாயிலேயே நின்றுவிட்டது.

6

முடிவு ஒன்று: பரிசோதனையில் அவளுக்கு முன்பே எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. கட்டிக்கொண்டு அழுகிறோம்.

முடிவு இரண்டு: அதை என்னால் எழுத முடியாது.

நேற்றே ரத்தம் கொடுத்துவிட்டாள், முடிவு வெள்ளிக்கிழமை வருகிறது. இன்று புதன். நல்ல முடிவாகவே எழுதிப் பழகிய கையை இந்த முறை நான் நம்பவில்லை. நடந்ததை மட்டும் தருகிறேன், மீதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுப் போனில் நான் சொல்லி முடித்ததும் அவள் முதலில் கேட்டது:

"சுண்டெலி இப்போ எப்படி இருக்கா?"

நன்றாக இருக்கிறாள் என்றேன்.

"என் குழந்தை, அண்ணி?"