கூரையில் எறிந்த பல்

“இந்தக் கத்திரிக்கோல கடையில ஆணி அடிச்சு மாட்டி வைங்க. மூட்டைச் சணலப் பல்லால கடிச்சு இழுக்காதீங்க.”

“என்ன தமிழு, உங்கம்மா வீட்டுச் சீரா? எம் பல்லுக்குச் சாணைகூடப் பிடிக்க வேணாம்.”

சொல்லிவிட்டுச் சுமைதூக்குகிறவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான் செல்வக்குமார். பரவை மார்க்கெட்டில் அவனுடைய வெங்காயக் கடையில் அன்று அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள். அவன் மனைவி தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. “நாலு பேரு முன்னாடி எங்கம்மாவை இழுப்பீங்களா?” என்று கேட்டவள், மறுநாளே சமயநல்லூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

போய் ஒரு மாதம். இவன் தினமும் போன் போட்டான். சிலிண்டர் புக் பண்ணணுமா, ரசப்பொடி எந்த டப்பாவில் இருக்கிறது, எல்லாம் கேட்டான். ‘வீட்டுக்கு வா’ என்பதை மட்டும் கேட்கவில்லை. ஆம்பளை கூப்பிட்டால் கௌரவம் போய்விடுமாம். அந்தக் கௌரவம் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்க்கிறதா, கடலை கொறிக்கிறதா என்றால், அதுவும் இல்லை.

இன்று காலையில் வந்த முதல் மூட்டையிலேயே முடிச்சு இறுகியிருந்தது. கத்திரிக்கோல் கைக்கெட்டும் ஆணியில்தான் தொங்கியது. அதை எடுத்தால் அவள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று குனிந்து கடித்தான். ‘டக்’ என்றது. முடிச்சு அப்படியே இருந்தது. முன்பல்லில் பாதி உள்ளங்கையில் விழுந்தது.

அடுத்து அவன் செய்ததுதான் பெரிய கூத்து. விழுந்த பல்லைக் கூரையில் எறிந்தால் புதுப் பல் முளைக்கும் என்று ஆறு வயதில் செய்தது கைக்கு ஞாபகம் இருந்திருக்கும்போல. யோசிக்கவே இல்லை. பல் துண்டைக் கடையின் தகரக் கூரை மேல் வீசிவிட்டான்.

“அண்ணே, இனிமே முளைக்கவா போகுது?” என்றான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சங்கிலி.

காளவாசலில் பல் டாக்டர் அப்சானா விளக்கை அவன் வாய்க்குள் திருப்பினாள்.

“உடைஞ்ச துண்டு எங்க சார்?”

“கூரையில.”

“கூரையில எப்படி?”

“நான்தான்... எறிஞ்சேன்.”

“உங்க வயசு?”

“முப்பத்தெட்டு.”

மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் மட்டும் சிரித்தன. “நல்லவேளை, வேர் ஆடல. துண்டு கிடைச்சா பால்ல போட்டு இன்னைக்கே கொண்டு வாங்க, ஒட்டிப் பாக்கலாம். கிடைக்கலன்னா பல் நிறத்துலயே வேற பொருள் வச்சு அடைச்சிரலாம். அதுவரைக்கும் அந்தப் பல்லால எதையும் கடிக்காதீங்க. முக்கியமா, மூட்டையை.”

கடைக்குத் திரும்பியதும் சங்கிலியை டீக்கடைக்குப் பால் வாங்க அனுப்பிவிட்டு, ஏணி சாத்தி ஏறினான். கூரைமேல் காக்கா போட்ட எலும்பு, வெங்காயச் சருகு, ஒற்றைச் செருப்பு. வெள்ளையாக ஒன்று கிடைத்ததும் ‘அகப்பட்டுச்சு!’ என்று கத்தினான். பார்த்தால் காய்ந்த சோற்றுப் பருக்கை. கீழே அடுத்த கடைக்காரர்கள் ஏலத்தை விட்டுவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று ஏணி ஆடுவது நின்றது. குனிந்து பார்த்தான். ஒரு கையில் ஏணி, மறு கையில் பால் டம்ளருடன் தமிழ்ச்செல்வி.

“சங்கிலி போன் பண்ணுனான். ஷேர் ஆட்டோவுல வந்தேன்” என்றாள். “வாயைத் தொறங்க, பாப்போம்.”

திறந்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிச்சுரு தமிழு. மார்க்கெட்டே சிரிச்சிருச்சு.” பல் போன சந்தில் காற்று விசிலடித்தது.

“நான் சிரிக்கல. வலிக்குதா?”

ஒரு மாதமாக யாரும் அவனை இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கூரைப் பக்கமே திரும்பிக்கொண்டான். தகரத்தின் நெளிவுக்குள், ஆணித் தலைக்குப் பக்கத்தில், கிடந்தது பல். இரண்டு படி இறங்கி, அதை டம்ளருக்குள் போட்டான்.

“சரி, மூடி போட்டுச் சூதானமா எடுத்துட்டுப் போங்க” என்றாள் அவள். “நான் கிளம்புறேன். அம்மா தேடும்.”

ஏணியைப் பிடித்திருந்த அவள் கை தளர்ந்தது. ஏணி மறுபடி லேசாக ஆடியது. சுற்றிலும் சங்கிலி, அடுத்த கடைக்காரர்கள், வெங்காயம் வாங்க வந்தவர்கள். அன்று சிரித்தவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். கௌரவமோ, காலையிலேயே பாதி உடைந்து இப்போது பாலில் மிதக்காமல் முங்கிக் கிடந்தது.

“கையை எடுக்காத தமிழு” என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி, விசிலோடு. “அன்னைக்கு நான் பேசுனது தப்பு. நம்ம வீட்டுக்கு வந்துரு.”