நல்லதண்ணிக் கிணறு

அன்னூர்ப் பக்கம் குமாரசாமி தன் தோட்டத்தை நூறு வீட்டுமனையாகப் பிரித்திருந்தார். அங்கே குடியிருக்கத் தண்ணீர் போதுமா என்று ஆராய்ந்து சொல்ல லாஸ்யா வந்திருந்தாள். போதாது என்று அவள் எழுதினால் மனைகளுக்கு அனுமதி கிடைக்காது.

கிணறு பாதிக்குமேல் நிறைந்திருந்தது.

"குடிச்சுப் பாருங்க அம்மணி, இளநீராட்ட இருக்கும்," என்று சொம்பை நீட்டினார் குமாரசாமி.

குடித்தவள் நிமிர்ந்தாள். "சுத்துவட்டாரத்துல எல்லாக் கிணறும் உப்பு. உங்களுது மட்டும் எப்படிங்க இனிக்குது?"

"அது... எங்க ராசிங்க."

"மோட்டாரைப் போடுங்க. இறைச்சா மறுபடி ஊறுதான்னு பாக்கோணும்."

"கரண்டு இல்லீங்களே!"

"மோட்டார் ரூம்ல பல்பு எரியுதுங்க."

அவர் போய் மோட்டாரைப் போட்டார். பொழுது சாய்வதற்குள் அடிப்பாறை தெரிந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு இருவரும் குனிந்து பார்த்தபடி நின்றார்கள். எங்கும் ஒரு கசிவுகூட இல்லை. பாறை காய ஆரம்பித்தது.

"எத்தனை லாரித் தண்ணி ஊத்துனீங்க?"

"ஊருல எல்லாரும் செய்யறதுதானுங்க. மழை பேஞ்சா தானா ஊறிப்போகும்."

"அதுவரைக்கும் நூறு குடும்பமும் குளிக்காம இருக்குமுங்களா?"

லாஸ்யா 'தண்ணீர் போதாது' என்று எழுதினாள்.

"எழுதிப்போட்டீங்களா?"

"எழுதிட்டனுங்க."

குமாரசாமி சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி, ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. உங்க மேல எனக்கென்னங்க கோவம்?" என்றார்.