குரலுக்குரியவள்

முகாமையாளர் உதயரூபன் கைபேசியை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டினார். அறைக்கதவு சாத்தியிருந்தது. எதிரே நின்ற கேதீஸ்வரியை அவர் உட்காரச் சொல்லவில்லை.

"வடிவாக் கேளு. பிறகு இது ஆரெண்டு சொல்லு."

வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசிய பெண் குரல் ஒன்று. வாகரையில், களப்போரம் இருக்கிற நண்டுத் தொழிற்சாலையில் வேலை செய்வதாகச் சொன்னது. வேலை நேரத்தில் கழிவறையைப் பூட்டி வைக்கிறார்கள், சாவி மேற்பார்வை பார்க்கிறவளிடம் இருக்கிறது, கேட்டால் தருவதில்லை என்றது. போன செவ்வாய்க்கிழமை வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி மூன்று தரம் கேட்டாள், கிடைக்கவில்லை, அறுபது பேருக்கு முன்னால் நின்ற நிலையிலேயே மூத்திரம் போய்விட்டாள் என்றது. அடுத்து 'பாவம்' என்று சொல்ல வந்தபோது குரல் தடுக்கியது. முதல் எழுத்தில் இரண்டு தரம் முட்டி, மூன்றாம் தரம்தான் சொல் வெளியே வந்தது.

கேதீஸ்வரிக்கு ஆள் விளங்கிவிட்டது. அது அவளுடைய தங்கை விதுர்ஷா.

சுனாமி தாயையும் தகப்பனையும் கொண்டுபோனபோது விதுர்ஷாவுக்கு மூன்று வயது. கேதீஸ்வரிக்குப் பதினேழு. அதற்குப் பிறகு ஒரு வருடம் பேசாமலே இருந்த பிள்ளை, பேசத் தொடங்கியபோது 'ப' வரும் இடமெல்லாம் தடுக்கியது. வளர்ந்த பிறகு பெரும்பாலும் சரியாகிவிட்டது. பயம் வந்தால் மட்டும் திரும்பி வரும்.

"ஒரு கிழமையா கம்பனி என்னை விளக்கம் கேக்குது," என்றார் உதயரூபன். "ஆரெண்டு தெரியாம நான் என்னத்தை எழுதிற?"

அந்தக் கம்பனி கொழும்பில் இருந்தது. இங்கே பெண்கள் உடைத்தெடுக்கிற நண்டுச் சதையை வாங்கி வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புவது அதுதான். 'எமது வழங்குநர்களிடம் நாம் எதிர்பார்ப்பவை' என்று தலைப்பிட்டு ஒரு பெரிய தாளை அவர்கள் வேலைக்கூடச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அடியில் ஒரு தொலைபேசி இலக்கம். முறைப்பாடு செய்பவரின் அடையாளம் இரகசியமாகப் பேணப்படும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. இந்தக் குரலுக்கு முன், மூன்று வருடமாக ஒருத்தரும் அந்த இலக்கத்துக்கு எடுத்ததில்லை.

"குரலை அப்படியே உங்களுக்கு அனுப்பிப்போட்டாங்களா சேர்?"

"பின்ன? அங்க இரிக்கிற பொடியன் வாட்ஸ்அப்பில போட்டுவிட்டான்." அவர் கதிரையில் சாய்ந்தார். "சாவி உன்னட்ட இருந்தது. பேர் சொல்லாட்டி உன்ட பேரைத்தான் எழுதி அனுப்புவன். சொல்லு."

"எமிலி," என்றாள் கேதீஸ்வரி.

தங்கையைக் காப்பாற்ற ஏதாவது ஒரு பெயர் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அந்தப் பெயர் தேடாமலே வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை, வயிற்றுப்பிள்ளைக்காரி றொசானி நனைந்த பாவாடையோடு அசையாமல் நின்றபோது, எமிலிதான் தன் ஏப்ரனைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். பிறகு கேதீஸ்வரியைத் திரும்பிப் பார்த்து, "உனக்கு மூத்திரம் முட்டுறதே இல்லியாகா?" என்று கேட்டாள். கூடம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தவர்களும் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து றொசானி வேலைக்கு வரவில்லை. சிரிப்பு மட்டும் கேதீஸ்வரியின் காதில் இருந்தது.

"நானும் அவளைத்தான் நினைச்சன்," என்றார் உதயரூபன். "ஆனா சும்மா வேலையால நிப்பாட்ட ஏலாது. முறைப்பாடு செய்தவங்களைப் பழிவாங்கக் கூடாதெண்டு அந்தத் தாளிலயே கிடக்கு. களவெடுத்தா நிப்பாட்டலாம்."

மறுநாள் சாப்பாட்டு வேளைக்கு முன், பெண்கள் பை வைக்கும் அறைக்குள் கேதீஸ்வரி தனியாகப் போனாள். எமிலியின் பைக்குள் ஒரு செபமாலையும், வாழையிலையில் கட்டிய புட்டும் இருந்தன. புட்டு இன்னும் சூடாக இருந்தது. அதன் அடியில் நண்டுச் சதை அடைத்த டப்பா ஒன்றைத் தள்ளிவிட்டு வந்தாள்.

சாப்பாட்டுக்கு வெளிக்கிட்டவர்களின் பைகளைக் காவலாளி வாசலில் வைத்துச் சோதித்தான். எமிலியின் பையிலிருந்து டப்பாவை எடுத்தபோது அவள் முதலில் அவனைத்தான் பார்த்தாள்.

"இது என்ட இல்ல."

"உன்ட பையிலதானே இருந்தது," என்றார் உதயரூபன்.

எமிலி கூட்டத்துக்குள் தேடிக் கேதீஸ்வரியைக் கண்டுபிடித்தாள். "நீயாவது சொல்லன்கா. பதினொரு வருசத்தில நான் ஒரு நண்டுக்கால் கொண்டு போயிரிக்கனா?"

"பைக்குள்ள இருந்ததை எல்லாரும் கண்டதுதானே," என்றாள் கேதீஸ்வரி.

டப்பாவை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி எமிலியைப் படம் எடுத்தார்கள். கரையோரத்துத் தொழிற்சாலைகள் எல்லாவற்றுக்கும் அந்தப் படம் போனது. பொலிசுக்குப் போகாமல் விட்டது தன்னுடைய இரக்கம் என்றார் உதயரூபன். எமிலியின் புருசன் மத்தேயு களப்பில் பிடிக்கும் நண்டை அன்றிலிருந்து அங்கே எடுக்கவுமில்லை. அவன் உயிரோடிருந்த நண்டுகளின் கூடையோடு வாசலில் வெயிலேறும்வரை நின்றான். நண்டுகள் செத்த பிறகு களப்பில் கொட்டிவிட்டுப் போனான்.

பத்து நாள் கழித்து உதயரூபன் கேதீஸ்வரியை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தரம் துணி பொத்தாத குரல்.

"எமிலி அக்கா களவெடுக்கல்ல. ப... ப... பழி போட்டவங்க. முந்தி கோல் எடுத்தது நான். அவ இல்ல."

"எமிலி போய்ட்டாள். குரல் இன்னும் உள்ளுக்க இரிக்கு," என்றார் அவர். "தடுக்கலைக் கேட்டியா?"

"எனக்கு விளங்கல்ல சேர்."

"விளங்கும். வா."

கூடத்தில் வேலையை நிறுத்தச் சொன்னார். சுவரிலிருந்த தாளைக் கழற்றுவித்து, கையில் பிடித்துக்கொண்டு முதல் மேசைக்குப் போனார். கம்பனி ஆட்கள் வரப்போகிறார்கள், எல்லாருக்கும் இது பாடமாக இருக்க வேண்டும், ஒவ்வொருவராக முதல் வரியை வாசியுங்கள் என்றார்.

"பணியாளர்கள் மரியாதையுடன் நடத்தப்படுவர்," என்று முதலாமவள் வாசித்தாள்.

"பணியாளர்கள் மரியாதையுடன் நடத்தப்படுவர்," என்றாள் அடுத்தவள்.

ஒரு மேசை முடிந்தது. இரண்டாவது முடிந்தது. விதுர்ஷா நான்காவது மேசையில், நண்டுச் சதை ஒட்டிய விரல்களோடு நின்றாள். அவள் முகம் வெளிறிக்கொண்டு வந்ததைக் கேதீஸ்வரி பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கி விழப்போவது போல் காட்டி எல்லாவற்றையும் கலைத்துவிடலாமா என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

தாள் விதுர்ஷாவின் முன்னால் வந்தது.

"ப..." என்றாள் அவள். "ப... ப..."

உதயரூபன் அவசரப்படுத்தவில்லை. பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்போல விரலை எழுத்தின் கீழ் வைத்துக் காத்திருந்தார். அவள் கண்ணால் தண்ணீர் வழிய, ஆறாம் தரம் சொல் வந்தது. வரி முழுவதையும் வாசித்து முடிக்கவிட்டு, "நல்லது," என்று சொல்லி அடுத்தவளிடம் போனார். கடைசி ஆள்வரை வாசிக்க வைத்தார்.

பின்னேரம் கேதீஸ்வரியின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். முறைப்பாட்டில் சொன்ன குறைகள் திருத்தப்பட்டுவிட்டன, எமிலியின் களவுக்கும் இதற்கும் தொடர்பில்லை, இரண்டாம் தரம் பேசியது குழப்பத்தில் என்று இருந்தது. கீழே விதுர்ஷாவின் கையெழுத்துக்கு இடம்.

"நாளைக்குக் கொண்டு வா. இல்லாட்டி தங்கச்சிட பையையும் பார்க்க வேண்டி வரும். எனக்குப் பொய் சொன்னதை நான் மறக்கல்ல."

வீட்டில் விதுர்ஷா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாள். வெளியே மேற்கிலிருந்து வந்த கச்சான் காற்று கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டியது.

"அந்த டப்பாவை ஆர்கா வச்சது?"

கேதீஸ்வரி அடுப்பைப் பார்த்தபடி, "நான்தான்," என்றாள்.

"ஏன்?"

"உன்னைக் காப்பாத்தத்தான்."

"என்ட ப... பேரைச் சொல்லியிருந்தா என்ன நடந்திரிக்கும்? வேலை போயிரிக்கும். அவ்வளவுதானே?"

கேதீஸ்வரி ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினாள்.

"றொசானி உன்னட்டச் சாவி கேக்கக்குள்ள நான் உன்ட முகத்தைப் பாத்துக்கொண்டுதான் நிண்டன்," என்றாள் விதுர்ஷா. "என்னை வளர்த்த முகம்தானே எண்டு பாத்துக்கொண்டு நிண்டன்."

அவள் இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அந்தப் பொழுதே வெளிக்கிட்டாள். எங்கே போகிறாய் என்று கேதீஸ்வரி கேட்கவில்லை. கடிதம் பாயில் கிடந்தது. தங்கையின் கை பிடித்து எழுதப் பழக்கியவள் அவள். அந்தக் கையெழுத்து அவளுக்குப் பிசகாமல் வரும். போட்டாள்.

அடுத்த மாதம் கம்பனியிலிருந்து ஒரு பெண் வந்தாள். கேதீஸ்வரியைத் தனியாக உட்கார வைத்து, பயப்படாமல் பேசலாம் என்றாள். கழிவறை பூட்டப்படுகிறதா? இல்லை மிஸ். முறைப்பாடு செய்தவருக்கு ஏதும் கரைச்சல் கொடுத்தார்களா? இல்லை மிஸ், அவ தன்ட விருப்பத்தில வேலையால நிண்டுட்டா. அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கேதீஸ்வரியின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். தொழிற்சாலைக்கு இன்னும் மூன்று வருடத்துக்குச் சான்றிதழ் கிடைத்தது.

அன்று வேலை விட்டு வரும்போது கேதீஸ்வரி வழக்கமான பாதையை விட்டு, தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள குறுகிய ஒழுங்கையால் போனாள். எமிலியின் வேலிக்கு முன் அவள் கால் நின்றது. உள்ளே கோப்பைகள் தட்டுப்படும் சத்தம். மத்தேயு ஏதோ சொல்ல, விதுர்ஷா சிரித்தாள். தடுக்காமல் என்னவோ பதிலும் சொன்னாள்.

பானை கழுவிய தண்ணீரை ஊற்ற வந்த எமிலி அவளைக் கண்டாள். தண்ணீரை வேலியோரம் ஊற்றி, பானையைக் கவிழ்த்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"விதுர்ஷா சாப்பிடுறா. என்ன வேணும்?"

"ஒண்டுமில்ல."

"அப்ப போ."

கேதீஸ்வரி போனாள்.