பயணிகளின் வசதிக்காக

மூன்றாவது முறையாக அத்தை என் முழங்கையை அழுத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. "வண்டி வர இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டார். அவர் கேட்டது வண்டியைப் பற்றி அல்ல.

என் கணவரின் அம்மா அவர். கால் வீக்கத்துக்கு, அடிக்கடி ஒன்றுக்குப் போகவைக்கும் தண்ணி மாத்திரை சாப்பிடுகிறார். வெளியே போகிற நாளில் அதைத் தொடமாட்டார். காலையில் ஆஸ்பத்திரியில் டாக்டர் போட்ட சத்தத்துக்குப் பயந்து அங்கேயே ஒன்றை விழுங்கிவிட்டார். இரண்டு பத்து வண்டி மூன்று மணி ஆகியும் வரவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இனிமையாக வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தது. வந்தாலும் எங்கள் ஊர் வண்டியில் கழிப்பறை கிடையாது. இறங்குவதற்கு முக்கால் மணி நேரம்.

இந்த நிலையத்துக்கு நூறு வயது ஆனபோது நுழைவாயில் சுவரில் அதன் வரலாற்றை எழுதி வைத்தார்கள். ஒற்றைத் தண்டவாளம் போட்ட வருஷம், கரி எஞ்சின் போய் மின்சார வண்டி வந்த வருஷம், இரண்டாவது நடைமேடை, மேம்பாலம், நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் பயணிகள். அந்த ஆயிரங்களில் பத்தொன்பது வருஷமாக நானும் ஒருத்தி. பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. நாள் முழுக்க மெழுகும் மாவுத்தூளும். தொண்டை வறண்டு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் மத்தியானத்துக்கு மேல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டேன். எங்கள் பெட்டியில் வருகிற எந்தப் பெண்ணும் குடிக்கமாட்டாள். ஒருத்திக்கு இரண்டு தடவை கிட்னியில் கல் அடைத்துவிட்டது. இன்னொருத்தி எரிச்சலுக்கு மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். சுவரில் அதை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கழிப்பறை கட்டினார்கள். 'பயணிகளின் வசதிக்காக' என்று கருங்கல்லில் வெட்டி, திறந்து வைத்தவர்கள் பெயரை எல்லாம் போட்டார்கள். அன்றைக்கு மத்தியானமே பூட்டு விழுந்தது. மேலதிகாரிகள் பார்வையிட வருகிற நாளில் மட்டும் திறப்பார்கள்.

அத்தையைத் தூணோரம் நிறுத்திவிட்டு ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்கு ஓடினேன்.

"சார், சாவி வேணும். வயசானவங்க, ரொம்ப அவசரம்."

அவர் நிமிரவில்லை. "உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டுமே சார். அதுக்குத்தானே கட்டினது?"

"அசிங்கம் பண்ணிட்டுப் போயிடறாங்க. கழுவ ஆள் போடலை. அடுத்த வாரம் பெரியவங்க வேற வர்றாங்க. வண்டி இதோ வந்துடும், கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க."

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு சின்னக் கதவு. அதிலிருந்து மேஜை வரைக்கும் ஈரச் செருப்புத் தடம்.

"அதையாவது…"

"அது ஸ்டாஃபுக்கு."

நான் திரும்பி வந்தபோது அத்தை அதே தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்துப் பெஞ்சிலிருந்த ஆள் தரையில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். அத்தையின் காலடியில் ஈரம் பரவி, நடைமேடை விளிம்பை நோக்கி மெதுவாக ஓடியது.

"தண்ணி பாட்டில் கொட்டிடுச்சு," என்றார் அத்தை, எல்லோருக்கும் கேட்கும்படி. பாட்டில் பைக்குள் மூடியோடு இருந்தது.

எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. நான் துவைத்தால் அழுக்குப் போகாது, நான் பேசினால் மரியாதை இருக்காது. ஆனால் தையல் மெஷினை மிதித்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். பத்தொன்பது வருஷத்தில் அவர் தலை கலைந்து நான் பார்த்ததில்லை. அந்த மனுஷி இப்போது என் முகத்தைப் பார்க்காமல், "வா, வீட்டுக்குப் போயிடலாம். யார்கிட்டயும் எதுவும் பேசாதே," என்றார்.

நான் பேசவில்லை. நடைமேடை முனையில் இறங்கி, தண்டவாளத்தோரம் கிடந்ததில் கைக்கு அடங்காத கல்லாகப் பார்த்து எடுத்தேன். கழிப்பறைப் பூட்டின் மேல் போட்ட முதல் அடியில் என் நகம்தான் பெயர்ந்தது. நாலாவது அடியில் தாழ்ப்பாள் மரத்தோடு பிய்ந்து தொங்கியது. அடிக்க அடிக்க என் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை நானே அதற்கு முன் கேட்டதில்லை.

உள்ளே எல்லாம் பளபளவென்றிருந்தது. குழாயில் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. திருகினேன், தண்ணீர் கொட்டியது. தண்ணீர் இல்லை என்றால்கூட மனசு ஆறியிருக்கும்.

அத்தையைக் கழுவிவிட்டு, என் துப்பட்டாவை இடுப்பில் சுற்றி வெளியே கூட்டி வந்தபோது ஏழெட்டுப் பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர், "அரசாங்கச் சொத்து! எல்லார் மேலயும் கேஸ் போடுவேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார். வரிசை அசையவில்லை.

ரயில்வே போலீஸ்காரி வந்தாள். முப்பது வயதிருக்கும். வெயிலில் நின்று நின்று உதடு வெடித்திருந்தது. கையில் நோட்டு.

"யார் உடைச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "நான்தான் உடைக்கச் சொன்னேன். என் மருமக நான் சொன்னா தட்டமாட்டா. எழுதிக்கோம்மா."

என் வாழ்க்கையில் நான் கேட்ட மிகப்பெரிய பொய் அது.

"கேஸ் எழுதித்தான் ஆகணும்," என்றாள் போலீஸ்காரி. நோட்டைத் திறந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். பெயர்ந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள். "காலையில ஆறு மணியிலேர்ந்து டியூட்டி," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

வண்டி வந்தது. ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பியது. வரிசையிலிருந்து ஒருத்தியும் ஏறவில்லை. போலீஸ்காரி நோட்டை அத்தை கையிலும் தொப்பியை என் கையிலும் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டாள்.